செல் விழுந்து செத்தவை: மடுவும் கொலையின் வகைகளும்

1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு மடுக் கோயில் வளவுக்குள் செல் விழுந்தது. சண்டைக்குப் பயந்து, மாதாவிட்டப் போனால் தப்பலாம் எண்டு நம்பி வந்திருந்த சனத்தில் 40 பேரளவில் செத்துப்போனார்கள். அதில் பிள்ளைகளும் இருந்தார்கள். காயப்பட்டவர்கள் அதைவிடக் கூட. ஆமி அடித்த செல் என்று புலிகள் சொன்னார்கள். புலிகள் அடித்த செல் என்று அரசாங்கம் சொன்னது. இன்றுவரை எந்த நீதிமன்றமும் அதற்காக ஒருவரையும் குற்றவாளி என்று தீர்க்கவில்லை.

இந்தச் சம்பவத்தைப் பற்றி நினைவுக் குறிப்புகள் உண்டு, மனித உரிமை அறிக்கைகள் உண்டு, மன்றாட்டுகளும் உண்டு. நாங்கள் இங்கே கேட்க வருவது கொஞ்சம் வறண்ட கேள்வி. அந்த நாற்பது சாவும் சட்டத்தின் கண்ணில் என்ன? கொலையா? கைமோசக் கொலையா? கவனக்குறைவா? யுத்தக் குற்றமா? இல்லை, ஒன்றுமே இல்லையா? செத்தவர்கள் செத்துவிட்டார்கள், பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் இந்தப் பெயர்களுக்கு நடுவில் ஒரு காலக்கெடு ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் எங்கட பேச்சையே ஒருக்கால் கவனியுங்கள். "வெட்டிப்போட்டான்", "சுட்டுப்போட்டாங்கள்" என்று சொன்னால் அந்த வசனத்துக்குள் ஒரு ஆள் நிற்கிறான். "செல் விழுந்து செத்தவை" என்று சொன்னால் ஆள் இல்லை. பனங்காய் விழுகிற மாதிரி, மழை விழுகிற மாதிரி செல்லும் தானாக விழுகிறது. முப்பது வருஷம் இப்படித்தான் சனம் கதைத்தது. யார் அடித்தது என்று உரத்துச் சொல்ல ஏலாத காலத்தில் மொழி கண்டுபிடித்த பாதுகாப்பு அது. பிரச்சினை என்னவென்றால், சட்டமும் கிட்டத்தட்ட அதே வசனத்தைத்தான் பேசியது.

மடு எதற்காக இருக்கிற ஊர் என்பதையும் சொல்லவேண்டும். 1670இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு இருபது குடும்பங்கள் வன்னிக் காட்டுக்குள் ஓடிவந்து மருதமடுவில் ஒதுங்கின என்பது கோயிலின் வரலாறு. அதாவது இந்தக் கோயில் கட்டப்பட்டதே ஓடிவந்த சனத்தால்தான். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது ஐ.நா. அகதிகள் நிறுவனம் அங்கே திறந்த நிவாரண நிலையம் ஒன்றை அமைத்தது. பல்லாயிரம் பேர் தரப்பாளுக்குக் கீழே வருஷக்கணக்கில் அங்கே வாழ்ந்தார்கள். 1999 மார்ச்சில் ஆமி மடுவைப் பிடித்தது. அதே வருஷம் நவம்பர் தொடக்கத்தில் புலிகள் ஓயாத அலைகள் மூன்றைத் தொடங்க, வன்னியின் முன்னரங்குகள் நாளுக்கு நாள் மாறின. நவம்பர் 20 இரவு அந்தக் குழப்பத்துக்கு நடுவில் வந்தது. அங்கே சனம் இருப்பது இரு தரப்புக்கும் தெரியும். தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இந்தத் 'தெரியும்' என்ற சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் முழுக்க அதில்தான் தொங்குகிறது.

சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு சாதாரணக் கொலையை எடுப்போம். இரண்டு வளவுக்கு நடுவில் எல்லை வேலி. ஒருத்தர் ஒரு முழம் தள்ளிக் கதியால் நட்டுவிட்டார். வாய்த்தர்க்கம் வருகிறது, கத்தி வருகிறது, ஒருவர் சாகிறார். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை இந்த இடத்தில் அபாரமான நுணுக்கத்தோடு வேலை செய்யும். கத்தியை வீட்டிலிருந்தே கொண்டுவந்தாரா, அந்த இடத்தில் கிடந்ததை எடுத்தாரா? எத்தனை வெட்டு? கழுத்திலா காலிலா? முதலில் அடித்தது யார்? கெட்ட வார்த்தை சொன்னதுக்கும் கத்தி இறங்கினதுக்கும் இடையில் எத்தனை நிமிஷம், அதற்குள் கோபம் ஆறியிருக்கவேண்டுமா? இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் சட்டம் பெயர் வைக்கும்.

அந்தப் பெயர்கள் மூன்று என்று சுருக்கலாம். சாகடிக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு செய்தால், அல்லது இயல்பாகவே சாவில் முடியக்கூடிய காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினால், 294ஆம் பிரிவின்படி கொலை. தண்டனை 296ஆம் பிரிவில் மரணம். 1976க்குப் பிறகு இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை, ஆனாலும் தீர்ப்பு அதுதான். திடீர்ச் சண்டை, கடுமையான திடீர் ஆத்திரமூட்டல், தற்காப்பில் எல்லை மீறியது போன்ற விதிவிலக்குகளுக்குள் விழுந்தால் அதே சாவு ஒரு படி இறங்கி, எங்கட பத்திரிகைகள் 'கைமோசக் கொலை' என்று எழுதுகிற குற்றமாகும். 297ஆம் பிரிவு அதற்கு அதிகபட்சம் 20 வருஷம் வைக்கிறது. எண்ணம் இல்லை, சாகக்கூடும் என்ற அறிவு மட்டும்தான் இருந்தது என்றால் 10 வருஷம். அதற்கும் கீழே 298: யோசனையில்லாமல், கவனயீனமாகச் செய்த காரியத்தால் ஒருவர் சாவது. லொறி அடிச்சுச் சாகிறது பெரும்பாலும் இதற்குள் வரும். அதிகபட்சம் 5 வருஷம்.

ஒரே பிரேதம். ஆனால் கொன்றவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்பதைப் பொறுத்துத் தூக்குமரத்திலிருந்து ஐந்து வருஷம் வரைக்கும் தூரம்.

இந்த ஏணி எங்கட ஊரில் செய்யப்பட்டதில்லை. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணைக்குழு 1837இல் இந்தியாவுக்காக ஒரு வரைவு எழுதியது. அது திருத்தப்பட்டு 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமானது. அதைப் பெரும்பாலும் அடியொற்றி 1883இல் இலங்கைக்கு ஒரு கோவை செய்து, 1885 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் 299, 300ஆம் பிரிவுகள்தான் எங்களுடைய 293, 294. இந்தப் பிரிவுகளில் கோடு எங்கே விழுகிறது என்பது அப்போதே குழப்பமாகத்தான் இருந்தது. 1876இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கோவிந்தா வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பதினெட்டு வயதுக் கணவன், பதினைந்து வயது மனைவியைத் தள்ளி விழுத்தி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, முகத்தில் இரண்டு மூன்று தரம் குத்தினான். மூளையில் இரத்தம் கசிந்து அவள் செத்துப்போனாள். சாவுக்கு வாய்ப்பு இருந்தது, ஆனால் இயல்பாகச் சாவில் முடியும் என்று சொல்லுமளவுக்கு இல்லை; ஆகவே இது கொலையில்லை என்று நீதிமன்றம் ஏழு வருஷ நாடுகடத்தல் கொடுத்தது. 'சாகக்கூடும்' என்பதற்கும் 'பெரும்பாலும் சாகும்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க இதைவிட நல்ல வழக்கு இல்லை என்பார்கள். எங்களுக்கு உறுத்துவது, அந்த வித்தியாசம் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் முகத்தில் வைத்து அளக்கப்பட்டது என்பதுதான். வழக்கும் அவனுடைய பெயரில்தான் நிற்கிறது.

ஒரு சொல்லுக்கு எவ்வளவு பாரம் இருக்கமுடியும் என்பதற்கு இலங்கையிலேயே ஒரு உதாரணம் உண்டு. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1958இல் மரண தண்டனையை இடைநிறுத்தி வைத்தவர். 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி அவரையே சுட்டார்கள், மறுநாள் இறந்தார். அவசர அவசரமாகப் பழைய சட்டத்தை நீக்கி, மரண தண்டனையை முன்தேதியிட்டு மீளக் கொண்டுவந்தது நாடாளுமன்றம். 1961இல் மூன்று பேருக்கு மரண தண்டனை. சுட்ட பிக்கு தல்துவே சோமாராமவுக்கும், சதி செய்த மாபிட்டிகம புத்தரக்கித்தவுக்கும் எச்.பி. ஜயவர்தனவுக்கும். மேன்முறையீட்டில் ஒரு ஓட்டை வெளிவந்தது. முன்தேதியிட்ட சட்டம் 'கொலை' என்றுதான் சொன்னது, 'கொலை செய்யச் சதி' என்று சொல்லவில்லை. ஆகவே சதி செய்த இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை. சோமாராம 1962 ஜூலை 6ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். திட்டம் போட்டவர்கள் தப்ப, துவக்கைப் பிடித்தவர் தொங்கினார். சட்டத்தில் விடுபட்ட ஒரு சொல் இரண்டு உயிரைக் காப்பாற்றியது.

இப்போது மடுவுக்கு வருவோம். 294ஆம் பிரிவைக் கடைசிவரைக்கும் வாசித்தால் ஆச்சரியம் ஒன்று காத்திருக்கிறது. கொலைக்கு அது சொல்லும் நான்காவது வகை இது: குறிப்பிட்ட ஒருவரைக் கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும், செய்கிற காரியம் அநேகமாகச் சாவில்தான் முடியும் என்கிற அளவுக்கு ஆபத்தானது என்று தெரிந்தே, எந்த நியாயமும் இல்லாமல் அதைச் செய்தால், அதுவும் கொலைதான். அதை விளக்கப் பிரிவுக்குக் கீழே ஒரு உதாரணக் கதை இருக்கிறது. ஒரு ஆள் எந்த நியாயமும் இல்லாமல் ஒரு சனக்கூட்டத்தை நோக்கிப் பீரங்கியைச் சுடுகிறான். கூட்டத்தில் ஒருவர் சாகிறார். அந்த ஆளைத்தான் கொல்லவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. பரவாயில்லை, அவன் கொலைகாரன் என்கிறது சட்டம்.

பீரங்கி! 1883ஆம் ஆண்டுச் சட்டக்கோவைக்குள், வேலிச்சண்டைக்கும் கத்திக்குத்துக்கும் நடுவில், ஒரு பீரங்கி நிற்கிறது. இந்தியா 2023இல் பழைய சட்டத்தை மாற்றி பாரதிய நியாய சன்ஹிதா என்று பெயர் வைத்தபோதும் அந்தப் பீரங்கியை இடம்மாற்றவில்லை. ஆகவே 'செல்லடியில் சாகிறதெல்லாம் சட்டத்துக்குள் வராது' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். தொலைவிலிருந்து, முகம் தெரியாத கூட்டத்தின்மேல் அடிப்பதைச் சட்டம் எதிர்பார்த்திருந்தது. அதை ஏணியின் உச்சிப் படியில்தான் வைத்தும் இருந்தது.

ஆனால் அந்தப் பிரிவிலும் உதாரணத்திலும் நாங்கள் இரண்டு தரமும் எழுதின ஒரு சொற்றொடர் இருக்கிறது. 'எந்த நியாயமும் இல்லாமல்.' ஒரு யுத்தம் முழுவதும் அந்தச் சொற்றொடருக்குள் நுழைந்து ஒளிந்துகொள்ளலாம். எதிரி அங்கே நின்றான், அங்கிருந்துதான் முதலில் அடித்தான், குறி தவறிவிட்டது, கட்டளை வந்தது. இதில் எதுவும் உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். விசாரித்தால்தான் தெரியும். வேலிச்சண்டைக்காரனிடம் கோபம் ஆற எத்தனை நிமிஷம் இருந்தது என்று கேட்ட சட்டம், பீரங்கிக்காரனிடம் எந்தத் திசையில் வாயைத் திருப்பினாய் என்றுகூடக் கேட்கவில்லை. கொலையின் வகை என்பது கொன்றவனின் மனதில் இருக்கிறது. கொன்றவன் யார் என்றே கேட்காவிட்டால் வகையும் இல்லை.

கேட்காமல் விட வழியும் செய்யப்பட்டிருந்தது. ஒரு சாவு எந்த வகை என்று முடிவாகும் முதல் இடம் மரண விசாரணை. 1983 ஜூனில் கொண்டுவந்த அவசரகால விதி 15ஏ, மரண விசாரணை இல்லாமலே பிரேதத்தைப் புதைக்கவும் எரிக்கவும் அனுமதி கொடுத்தது. 1977 ஓகஸ்ட் கலவரத்தைச் சமாளித்தவர்களுக்காக 1982இல் வந்த குற்றவிலக்களிப்புச் சட்டம், 1988இல் நீட்டப்பட்டு அந்த வருஷம் டிசம்பர் நடுப்பகுதிவரை நல்லெண்ணத்தில் செய்ததை எல்லாம் மூடியது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 26ஆம் பிரிவும் அதே 'நல்லெண்ணம்' என்ற சொல்லைத்தான் பாவிக்கிறது. 294க்குள் போகவேண்டிய வழக்கு 294ஐ எட்டிப்பார்க்க முதலே இவை படலையைச் சாத்திவிடும்.

படையினர் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை என்று சொன்னால் அது பிழை. 1996இல் செம்மணிச் சோதனைச்சாவடியில் நடந்த கிருஷாந்தி வழக்கில் 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் தங்கட வீட்டைப் பார்க்கப்போன எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரில் சுனில் ரத்நாயக்க என்ற சார்ஜன்ட் மட்டும் 2015 ஜூனில் குற்றவாளியானார். உயர் நீதிமன்றம் 2019இல் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், நாடு கொரோனாவுக்காகப் பூட்டியிருந்த நேரத்தில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார். குமாரபுரத்தில் 1996 பெப்ரவரியில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்ட வழக்கில் ஆறு படையினரையும் அனுராதபுரத்து ஜூரிகள் 2016 ஜூலையில் விடுவித்தார்கள்.

இந்த வழக்குகளில் எங்களுக்குத் தெரிகிற ஒற்றுமை ஒன்று. எல்லாமே கைக்கெட்டுகிற தூரத்தில் நடந்த கொலைகள். சாவடியில் மறித்து, வெட்டி, ஊருக்குள் புகுந்து சுட்டு. தப்பி வந்த ஒருவர் முகத்தைப் பார்த்திருக்கிறார். கொலைகாரனுக்கும் செத்தவருக்கும் நடுவில் சில அடிதான் இருந்தபடியால், வேலிச்சண்டைக்கு எழுதின சட்டம் அங்கே எப்படியோ தட்டித்தடவி வேலை செய்தது. பொதுமன்னிப்பு கொடுப்பதற்கே முதலில் ஒரு தீர்ப்பு இருக்கவேண்டும். மடுவுக்கு மன்னிக்கக்கூட ஒருவரும் இல்லை. செல் பல கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வருகிறது. அந்தக் கிலோமீற்றர்களை நடந்து கடக்க எந்த நீதிமன்றத்துக்கும் கால் இருக்கவில்லை.

'யார் அடிச்சது எண்டு இனிக் கண்டுபிடிக்க ஏலுமே?' என்று கேட்பீர்கள். ஏலும். 1994 பெப்ரவரி 5ஆம் திகதி சரயேவோ நகரத்தின் மார்க்கலே சந்தையில் ஒரு 120 மில்லிமீற்றர் மோட்டார்க் குண்டு விழுந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மடு மாதிரியே அங்கேயும் ஒரு தரப்பு மற்றத் தரப்பைச் சொன்னது. பொஸ்னியர்கள் தங்கட சனத்துக்குத் தாங்களே அடித்துவிட்டு எங்களைச் சொல்கிறார்கள் என்றது சேர்பியத் தரப்பு. ஹேக் நகரில் இருந்த யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் பள்ளத்தின் வடிவத்தையும் குண்டு வந்த கோணத்தையும் திசையையும் பற்றி நாட்கணக்கில் சாட்சியம் கேட்டது. 2003 டிசம்பரில் ஜெனரல் ஸ்ரனிஸ்லாவ் கலிச்சுக்கு 20 வருஷம் கொடுத்தது. 2006 நவம்பரில் மேன்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையானது. கலிச் தன் கையால் ஒரு குண்டும் போட்டதாக யாரும் சொல்லவில்லை. கட்டளை கொடுத்தவர் என்பதற்காக, பொதுமக்களைத் தாக்கியதும் அவர்களைப் பீதிக்குள் வைத்திருந்ததும் அவருடைய குற்றங்களாயின. சோமாராமவின் கதையை இங்கே திருப்பிப் போட்டமாதிரி.

சர்வதேசச் சட்டத்திடம் இதற்குச் சொற்கள் இருக்கின்றன. 1949ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாவது உறுப்புரை, ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் ஆயுத மோதலிலும், சண்டையில் பங்கெடுக்காதவர்களை எந்த வகையிலும் கொலைசெய்யக்கூடாது என்கிறது. வகை பிரிக்கிறதே வேலையாக இருக்கிற சட்ட உலகத்தில், வகைகளை எல்லாம் ஒரே கூடைக்குள் போட்ட இடம் அது. இலங்கை அந்த உடன்படிக்கைகளை 1959இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் அவற்றை உள்நாட்டுச் சட்டமாக்க ஜெனிவா உடன்படிக்கைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது 2006இல்தான். அப்போதும் நாடுகளுக்கு இடையிலான யுத்தத்தின் பாரதூரமான மீறல்களைக் குற்றமாக்கிவிட்டு, மூன்றாவது உறுப்புரையைத் தனிக் குற்றமாக்காமல் விட்டார்கள். அதாவது இலங்கையில் நடந்த ஒரே யுத்தத்துக்குப் பொருந்தக்கூடிய துண்டு மட்டும் சட்டத்துக்குள் வரவில்லை. வழிபாட்டிடத்தை வேண்டுமென்றே தாக்குவதைப் பெயர் சொல்லி யுத்தக் குற்றம் என்கிற ரோம் சாசனத்தில் இலங்கை சேரவே இல்லை. ஆகவே கொழும்பு நீதிமன்றத்தில் மடுவை 'யுத்தக் குற்றம்' என்று வழக்குப் போட இடமில்லை. மிஞ்சுவது அந்த 1883ஆம் ஆண்டுப் பீரங்கிதான்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு போகும்போது எங்கட பக்கத்தையும் பார்க்காமல் விட ஏலாது. புலிகளிடமும் 1990களில் நீதிமன்றங்கள் இருந்தன, தண்டனைச் சட்டக்கோவை இருந்தது, சட்டத்தரணிகள் இருந்தார்கள். அதோடு கூடவே எந்தச் சட்டக்கோவைக்குள்ளும் வராத ஒரு வகையும் இருந்தது. 'துரோகி.' அந்தச் சொல் விழுந்த ஆளுக்கு நடந்ததைச் சனம் கொலை என்று சொல்லாது. "மண்டையில போட்டாச்சு" என்று சொல்லும். அந்த வசனத்திலும் ஆள் இல்லை, கவனித்தீர்களா? செத்தவனுக்கு ஒரு பெயர் வைத்தவுடன் கொலைக்குப் பெயர் தேவையில்லாமல் போய்விட்டது. அரசாங்கம் 'நல்லெண்ணம்' என்று சொல்லிச் செய்ததை எங்கட சமூகம் 'துரோகம்' என்ற சொல்லால் செய்தது. 2006 ஜூன் 15ஆம் திகதி கெப்பித்திகொல்லாவையில் கிளைமோரில் சிக்கிய பஸ்ஸில் செத்த அறுபதுக்கும் மேற்பட்ட சிங்களச் சனத்துக்கும், 2008 ஜனவரி 29ஆம் திகதி மடுவுக்குப் பக்கத்தில் தட்சணாமடுவில் கிளைமோரில் சிக்கிய பஸ்ஸில் செத்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நடுவில், சட்டப்புத்தகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. முதலாவதற்கு அரசாங்கம் புலிகளைச் சொன்னது. இரண்டாவதற்குப் புலிகள் ஆமியின் ஊடுருவித் தாக்கும் அணியைச் சொன்னார்கள். ஒன்றைக் கொலை என்றும் மற்றதை யுத்தம் என்றும் பிரிக்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை, எந்தப் பக்கமிருந்து பிரித்தாலும்.

யுத்தம் முடிந்தபின் கடதாசிகள் வந்தன. 2010இன் 19ஆம் இலக்க மரணப் பதிவுச் சட்டம், ஒரு வருஷத்துக்கு மேல் தகவல் இல்லாமல் காணாமல்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழிசெய்தது. காணாமல்போனது பயங்கரவாத, நாசகார நடவடிக்கையால் அல்லது உள்நாட்டுக் குழப்பத்தால் என்று இருக்கவேண்டும். அந்தப் பட்டியலில் வேறு காரணத்துக்கு இடமில்லை. ஆமியிடம் கையளித்த பிள்ளைக்குச் சான்றிதழ் எடுக்கப்போன தாய் எதில் கையெழுத்து வைப்பாள்? பலபேர் வைக்கவில்லை. 2016இல் காணாமற்போனமைச் சான்றிதழ் என்று வேறொரு கடதாசி வந்தது, 2018இல் வலிந்து காணாமலாக்குதல் தனிக் குற்றமானது. அதற்கு முன்பே, 2011 ஜனவரியில், நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது ஆயர் இராயப்பு ஜோசப் ஒரு கழித்தல் கணக்கை அவர்களிடம் கொடுத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரச பதிவுகள் சொன்னவர்கள் 4,29,059 பேர். அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679. கணக்கை மறுத்தவர்கள் உண்டு, குறைத்தவர்கள் உண்டு. ஆயர் அத்தனை பேரும் செத்துவிட்டார்கள் என்று சொல்லவில்லை. என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். கொலைக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி அது.

தொடக்கத்தில் சொன்ன காலக்கெடு இதுதான். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 456 என்று ஒரு பிரிவு இருக்கிறது, யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் எத்தனை வருஷம் கழித்தும் வழக்குப் போடலாம். வேறு ஏற்பாடு இல்லாத மற்ற எல்லாக் குற்றங்களுக்கும் 20 வருஷம் முடிந்தால் கதவு பூட்டு. மடுவில் செல் விழுந்து 2019 நவம்பர் 20ஆம் திகதியோடு இருபது வருஷம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து 'கைமோசக் கொலை' போய்விட்டது. 'கவனயீனம்' போய்விட்டது. காயப்பட்டவர்களுக்காகப் போட்டிருக்கக்கூடிய வழக்குகளும் அவற்றோடு போய்விட்டன. 'சனம் இருக்கிறது தெரியும், ஆனால் கொல்ல நினைக்கவில்லை' என்று இனி ஒருவர் முன்வந்து ஒப்புக்கொண்டாலும், அது கொலைக்குக் கீழேயுள்ள படியில் நின்றால், நீதிமன்றம் அவரை ஒன்றும் செய்ய ஏலாது. இனி அந்த நாற்பது பேருக்கும் சட்டத்தில் மிஞ்சியிருப்பது ஒரேயொரு சொல், 294இல் இருக்கிற 'கொலை', அதுவும் நான்காவது வகை, பீரங்கிக்காரனுடையது.

கெப்பித்திகொல்லாவைக்கு அந்தத் திகதி 2026 ஜூன் 15. தட்சணாமடுவுக்கு 2028 ஜனவரி 29.